கொடியில் கிடந்த வேட்டி

2021 ஜூலை முதல் வாரம். கொரோனா ஊரடங்கு. மலேசியா முழுக்க வெள்ளைக்கொடிப் பேச்சு. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்ப்பவர்கள் உதவுவார்கள் என்று சமூக ஊடகங்களில் கிளம்பிய இயக்கம் அது. "எங்கள் லயத்தில் ஒரு கொடிகூட ஏறவில்லை" என்று ஆபீஸ் வாட்சாப் குழுவில் எழுதினேன். கொஞ்சம் பெருமையோடுதான். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு.

அதே வாரம் பதினான்காம் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேட்டி இரண்டு நாளாகக் கிடந்தது. அதைத் தாண்டி மோட்டாரில் நான்கு தடவையாவது போயிருப்பேன். வேட்டி என்றுதான் நினைத்தேன். லயமே அப்படித்தான் நினைத்தது.

அந்த வேட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பதினாறு மாதம் பின்னால் போக வேண்டும். யார் பெயரையும் இதில் எழுதவில்லை. கேட்டபோது, "எழுதிக்கோ, பேரு மட்டும் வேணாம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் லயத்தில் கதவு எண்ணே பாதிப் பெயர் என்பதால் அதில் சிரமமில்லை. மூன்றாம் வீட்டு அக்கா, ஐந்தாம் வீட்டு அண்ணன் என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிட்டு வருகிறேன்.

இடமும் ஆட்களும்

சுங்கை சிப்புட், பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் இந்த வட்டாரத் தோட்டங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனுக்கும் இதுதான் சொந்த ஊர். கித்தாத் தோட்டங்களை, அதாவது ரப்பர் தோட்டங்களை, துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் தாத்தா மாதம் 10 வெள்ளி (எங்கள் நாட்டுப் பணம்) கட்டியிருக்கிறார். எங்கள் தோட்டம் அந்தச் சங்கம் வாங்கியது அல்ல. பின்னே ஏன் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "எவன் தோட்டமோ, நம்மாளு தோட்டமா இருக்கட்டுமே" என்றாராம். அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

டவுனிலிருந்து உள்ளே சில மைல் போனால் எங்கள் தோட்டம். பால் மரம் எல்லாம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து பல வருடமாகிறது. மூன்று லயங்களில் மொத்தம் 38 கதவு. எங்கள் லயத்தில் பதினான்கு. பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரு வீட்டில் தாளித்தால் ஐந்து வீட்டில் தும்முவார்கள்.

இந்தப் பதினான்கில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இரண்டே வீட்டில்தான். குலை வெட்டுவதும் உரம் போடுவதும் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அவர்கள் தங்குவது லயத்துக்குப் பின்னால் உள்ள கொங்சியில். எங்கள் ஆட்கள் ஈப்போவுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள், லோரிக்குப் போகிறார்கள், பள்ளிக் கேண்டீனில் தட்டு கழுவுகிறார்கள். ஐந்தாம் வீட்டு அண்ணன் கல்யாணச் சமையல். எட்டாம் வீட்டு மாமா பள்ளி வேன் ஓட்டுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தோட்டத்து ஆட்கள் என்றால் இன்னமும் தோட்டச் சம்பளத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். செம்பனைத் தோட்டங்கள் ஊரடங்கிலும் ஓடின. நின்றுபோனது எங்கள் வேலைகள்தான்.

முதல் மாதம்

2020 மார்ச் 16 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. நான் 17ஆம் தேதி சாயங்காலமே ஈப்போ வாடகை அறையைப் பூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு சட்டைதான் எடுத்து வந்தேன்.

வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம். ஏப்ரலில் அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று ஆனது. டவுன் முனையில் போலீசும் ராணுவமும் சாலையை மறித்து நின்றார்கள். பள்ளிக்கூடம் மூடியதால் வேனும் கேண்டீனும் அன்றே நின்றன. ஐந்தாம் வீட்டு அண்ணனுக்குப் பங்குனி, சித்திரை முகூர்த்தம் அத்தனையும் போயிற்று.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாதம் 4,000 வெள்ளிக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி வந்தது. ஏப்ரலில் ஆயிரம், மேயில் அறுநூறு. இபிஎப் என்ற தொழிலாளர் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளிவரை எடுக்கவும் விட்டார்கள். ஆனால் கல்யாணச் சமையல்காரருக்கு ஏது இபிஎப்? முதல் வீட்டுப் பாட்டிக்கோ அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இந்த மண்ணில் 1935இல் பிறந்தவர், கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது. குடிமக்களுக்கு வந்த எந்தப் பணமும் அவர் பெயருக்கு வரவில்லை. வங்கிக் கடனை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள், நல்லதுதான். வட்டிக்கு விடும் அலோங்கிடம் வாங்கியிருந்த ஒரு வீட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, அவன் வழக்கம்போலத் தேதி தவறாமல் போன் போட்டான்.

ஒரு கரண்டி புளி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தது.

மார்ச் கடைசி வாரம். மூன்றாம் வீட்டு அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சாம் வீட்டுல ரெண்டு நாளா தாளிக்கிற வாசமே இல்ல." அவ்வளவுதான். அரிசி இருக்கிறதா, காசு இருக்கிறதா என்று யாரையும் விசாரிக்கவில்லை. மறுநாள் காலை, கையில் ஒரு காலிக் கிண்ணத்தோடு ஐந்தாம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அண்ணி, ஒரு கரண்டி புளி இருந்தா குடுங்களேன். எங்கூட்டுல தீந்துபோச்சு."

அக்கா வீட்டில் புளி தீரவில்லை. ஜாடி நிறைய இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வீட்டு அண்ணி உள்ளே போய் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து கிண்ணத்தில் போட்டார். அதற்குள் அக்கா வாசலில் நின்றபடியே அடுக்களையை ஒரு கண் பார்த்துவிட்டார். அரிசி டின் மூடி திறந்து கிடந்தது. அடுப்பு மேல் கேத்தல் மட்டும்.

சாயங்காலம் கிண்ணம் திரும்பிப் போனது, கூடவே ஒரு சட்டி மீன் குழம்பும் ஒரு பானைச் சோறும். "உங்க புளிதான் அண்ணி, என்னா ருசி! நான் மட்டும் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அக்கா அன்றைக்குக் கொடுக்கப் போகவில்லை, கேட்கத்தான் போனார். புளி கொடுத்த வீடு குழம்பு வாங்கிக்கொள்ளலாம், தலை குனிய வேண்டியதில்லை. உதவி என்ன பெயரில் வாசல் ஏறுகிறது என்பதை வைத்துத்தான் அது உள்ளே போவதும் வாசலோடு திரும்புவதும். அந்தப் பதினாறு மாதத்தில் எங்கள் லயத்தில் பலித்ததெல்லாம் கடன், பிரசாதம், கூலி, மாற்று என்று ஏதோ ஒரு பெயரில் போனவைதான். உதவி என்ற பெயரிலேயே போனது பலிக்கவில்லை. அதைச் செய்தவன் நான்.

வேகாத அன்னதானம்

சித்திரையில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா. கூட்டம் கூடத் தடை. கோயில் பணம் நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி சும்மா இருந்தது. அரிசி வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "அம்மா காசு இது. நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்றார். வாசலுக்கு வாசல் தள்ளி நின்று கத்திக் கத்தி ஒரு மணி நேரம் விவாதம். சிலர் பழைய சண்டையெல்லாம் எடுத்தார்கள்.

முதல் வீட்டுப் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "திருவிழாவுல சோறு போடுறதில்லையாடா? இந்த வருசம் வேகாம போடு" என்றார்.

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. 38 கதவுக்கும் தலா ஒரு 10 கிலோ அரிசி மூட்டை. மளிகைக் கடை முதலாளியான தவுக்கே ஒரு மூட்டை 26 வெள்ளிக்குப் போட்டுக் கொடுத்தார், மொத்தம் 988 வெள்ளி. மானிய எண்ணெய்ப் பாக்கெட் 2.50 வெள்ளி, வீட்டுக்கு இரண்டு. பருப்பு, மஞ்சள், ஒரு பொட்டலம் திருநீறு. வேலையில் இருக்கிற வீடுகளுக்கு எதற்கு, அதையும் இல்லாதவர்களுக்கே கொடுக்கலாமே என்று கணக்குப் பிள்ளையான நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "பிரசாதம்னா எல்லாருக்கும்தான்டா தம்பி." வசதியுள்ள வீடுகளுக்குப் போன மூட்டைகள் இருட்டிய பிறகு பின்கதவு வழியாக வேறு வீடுகளுக்குப் போயின. எந்த மூட்டை எங்கே போனது என்பது என் கணக்கில் இல்லை.

பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு ஆறு வயது. அப்பாவைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள், திரும்பவில்லை. மூன்று வருடம் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. ஊரடங்கு அறிவித்த மறுநாளே பேரனை விட்டு லயத்துப் பின்புறம் மரவள்ளிக் குச்சி நட வைத்தார். எல்லாரும் கேலி செய்தோம். கிழங்கு வர ஆறேழு மாதம் ஆகுமே பாட்டி, அதற்குள் இது முடிந்துவிடும் என்றேன். "முடிஞ்சா மாட்டுக்குப் போடு" என்றார். கிழங்கு பிடுங்கியபோது ஊரடங்கு முடிந்திருக்கவில்லை.

என் பட்டியல்

ஏப்ரல் நடுவில் வெளியூரிலிருந்து ஒரு குழு அரிசிப் பைகள் தர முன்வந்தது. எனக்கு உற்சாகம். எக்செல் போட்டேன். தலைப்பு: உதவி பெறுவோர் பட்டியல். வீடு, ஆள் எண்ணிக்கை, வருமானம், முன்னுரிமை. ஆறு வீடுகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினேன்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொருவரும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வேண்டும், கொடுத்தவர்களுக்குக் காட்ட. அவர்கள் பக்கத்தில் அது நியாயம்தான், நன்கொடைக்குக் கணக்கு வேண்டும். நான்தான் எடுத்தேன். பதினோராம் வீட்டு அக்கா கேண்டீனில் வேலை செய்தவர். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். "கொஞ்சம் நிமிருங்கக்கா" என்று வேறு சொன்னேன்.

இரண்டு நாளில் அந்தப் படம் பேஸ்புக்கில் வந்தது. அவர் மகளின் வகுப்புத் தோழிகள் அதைப் பார்த்துவிட்டு மகளுக்கே அனுப்பினார்கள். அடுத்த முறை வேன் வந்தபோது பதினோராம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில், "எங்களுக்கு வேணாம், இருக்கிறவங்களுக்குக் குடுங்க" என்றார்கள். இருக்கிறவங்களுக்கு! அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது.

பைகளில் வந்த பொருளிலும் ஒரு பாடம் இருந்தது. சார்டின் டின், மேகி, நெத்திலி. ஒன்பதாம் வீட்டுப் பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அரிசி போக அந்தப் பையில் இருந்த அத்தனையும் உப்பு, அவர் தொடக்கூடாதது. பட்டியல் போட்ட எனக்கு அது தோன்றவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா பையைப் பார்த்ததுமே, "பெரியம்மா, எம்மவன் மேகிக்கு அழுவுறான், முட்டைக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டு முட்டையும் முட்டைக்கோசும் கொடுத்துவிட்டு வந்தார். பின்னாளில் பாட்டி தந்த மரவள்ளிக்கிழங்குகூட அந்த வீட்டுக்கு அப்படியே போகாது. பொட்டாசியம். நறுக்கி ஊறவைத்து, இரண்டு தண்ணீர் கொட்டி வேகவைத்து, அதிலும் நாலே துண்டு.

டயாலிசிஸ் நிலையத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிப்போனவர் எட்டாம் வீட்டு மாமா. பள்ளி வேன்தான். நிலையத்தின் கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார், போலீஸ் கேட்டால் காட்ட. காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் பெரியப்பா, "அப்ப நான் கிராப் டாக்சி கூப்பிட்டுக்குறேன்" என்று மிரட்டிவிட்டு பெட்ரோலுக்கு என்று ஒரு தொகை வைத்தார். அந்த ஏப்ரலில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.25 வெள்ளிக்கு இறங்கியிருந்தது. அவ்வளவு மலிவாக எண்ணெய் கிடைத்த காலத்தில் ஓடத்தான் இடமில்லை என்று மாமா புலம்புவார்.

தவுக்கேயின் இரண்டாவது நோட்டு

தோட்டத்து முச்சந்தியில் சீனர் மளிகைக் கடை. மூன்று தலைமுறையாக எங்களுக்குக் கடன் கொடுக்கிற கடை. 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டு மலேசியாவில் யாருக்கும் தெரியும். தவுக்கேயிடம் வீட்டுக்கு ஒன்று இருந்தது. பழைய பாக்கி ஏறிப் போயிருந்தால் அந்த நோட்டைத் திறக்கும்போதே வாங்குகிறவர் கை கூசும்.

மார்ச் கடைசியில் அவர் எல்லாருக்கும் புது நோட்டுப் போட்டார். பழையதை உள்ளே பெட்டியில் வைத்துவிட்டார். முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. "பழசு பழசு, இது புது வைரஸ் கணக்கு" என்று எங்கள் தோட்டத் தமிழிலேயே சொன்னார். ஒன்றும் தள்ளுபடி செய்யவில்லை. பழைய பாக்கியை யாரும் மறக்கவுமில்லை. ஆனால் அரை கிலோ சீனி வாங்க வந்தவர் 300 வெள்ளி எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை.

அவரைத் தியாகி ஆக்க எனக்கு விருப்பமில்லை. பின்னர் கேட்டபோது அவரே தெளிவாகச் சொன்னார்: வாங்காமல் போனால் இந்தக் கடைக்கு வேறு யார் வருவார்கள்? டவுன் சூப்பர்மார்க்கெட் 555 எழுதாது, எங்களுக்கும் அவரை விட்டால் வழியில்லை, அவருக்கும் எங்களை விட்டால் வழியில்லை. அது நல்ல உறவுதான் என்று நினைக்கிறேன். நோட்டுகளில் பெரும்பாலானவை 2020 ஆண்டு முடிவதற்குள் அடைபட்டன. இரண்டு அடைபடவில்லை.

பெண்கள் பிடித்த கூட்டும் (சீட்டு) இப்படித்தான் வளைந்து கொடுத்தது. மாதம் 50 வெள்ளி. 1971இலேயே சட்டம் போட்டுத் தடுத்த விஷயம், தெரிந்தேதான் எழுதுகிறேன். ஏப்ரல் முறை ஏழாம் வீட்டுக்கு. அவர், "எனக்கு இப்ப என்ன அவசரம், கேண்டீன்காரி எடுத்துக்கட்டும்" என்று முறையை மாற்றிக்கொண்டார். என் பைக்குக் கதவைச் சாத்திய அதே பதினோராம் வீடு கூட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டது. அது அவருடைய சொந்தப் பணம்.

கொங்சிப் பக்கம்

பின்னால் கொங்சியில் இருந்தவர்களுக்கு வேலையும் சம்பளமும் இருந்தன, ஆனால் டவுனுக்குப் போகப் பயம். மே மாதத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஆவணமில்லாத அந்நியத் தொழிலாளர்களைப் பிடித்த செய்தி வந்ததும், பர்மிட் வைத்திருந்தவர்கள்கூட வெளியே தலைகாட்டவில்லை.

முடிச்சுப் போட்டவர் மறுபடியும் அக்காதான். ஐந்தாம் வீட்டு அண்ணனிடம் போய், "அண்ணே, அண்டா சும்மாதானே கவுந்து கிடக்கு?" என்றார். ஆயிரம் பேருக்குச் சமைத்த மனிதர் இருபது பேருக்குச் சமைக்க ஆரம்பித்தார். பொட்டலம் 4 வெள்ளி. ரமலான் நோன்பு 24 ஏப்ரலில் தொடங்கியது. கொங்சியில் பாதிப் பேர் நோன்பாளிகள், எனவே சோறு ஆறரைக்குப் போக வேண்டும். ஹலால் கோழி வாங்குவதற்குப் பக்கத்து மலாய்க் கம்பத்து (கிராமத்து) மக்சிக், அதாவது அத்தை, வழி சொன்னார், அவரே வாங்கியும் தந்தார். அந்த மக்சிக் ஒருநாள் ஒரு வாளி நிறையப் புபோர் லம்போக் கஞ்சி அனுப்பினார். லயத்துப் பிள்ளைகள் குவளையோடு வரிசையில் நின்றார்கள்.

கொங்சிப் பையன்கள் பதிலுக்குக் கெளுத்தி பிடித்துக் கொடுத்தார்கள், லயத்தின் கூரை ஒழுகலை அடைத்தார்கள். ஒருவன் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டான். முதலில் கற்ற சொல் 'காரம்'.

பதினான்காம் வீடு

இப்போது வேட்டிக்கு வருகிறேன்.

பதினான்காம் வீட்டுத் தாத்தா எங்கள் தோட்டத்துக்காரர் அல்ல. வேறு தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். அந்த லயத்தை உடைத்தபோது, 2019இல், சொந்தக்காரர் ஒருவர் மூலம் இங்கே வந்தார். மனைவி இல்லை. மகள் தெற்கே. டவுனில் ஒரு நாற்காலி, மேசைக் கடைக்கு இரவுக் காவல். பேசாதவர். கேட்டால் பதில் சொல்வார், கேள்வி கேட்க மாட்டார்.

கூட்டில் அவர் இல்லை, புதியவர் என்பதால். 555 இல்லை, ரொக்கம்தான் கொடுப்பார். கோயில் அரிசி மட்டும் 2020இல் போனது, எல்லாருக்கும் போனதால். சுருக்கமாக, எங்கள் லயத்தில் உதவி போகிற ஒரு வழியிலும் அவர் நிற்கவில்லை. அவரிடம் யாரும் புளி கேட்டதில்லை.

2021 ஜூன் 1 அன்று முழு ஊரடங்கு. கடை மூடியது, காவலுக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். இரண்டு வருடமாகத் திருவிழா இல்லாததால் கோயிலில் காசில்லை. எல்லார் கையும் காய்ந்திருந்தது. ஜூன் கடைசியில் மூன்றாம் வீட்டு அக்காவுக்கே கோவிட் தொற்றிக்கொள்ள, குடும்பமே உள்ளே அடைந்தது. அந்த நாட்களில் எந்த அடுப்பில் தாளிக்கும் வாசம் இல்லை என்று கவனிக்க ஆளில்லை. அக்காவுக்கே வாசம் தெரியாத நேரம். இதுவும் எங்கள் குறைதான். ஒரு மனுஷியின் மூக்கை நம்பி ஒரு லயம் இருந்திருக்கிறது. அவர் களைத்துப்போயிருப்பாரே என்று அந்தப் பதினாறு மாதத்தில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கண்டுபிடித்தவன் கொங்சிப் பையன், 'காரம்' கற்றவன். காலையில் மோட்டாரில் வேலைக்குப் போகும்போது தாத்தா பைப்படியில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறான். மூன்று நாள் தொடர்ந்து. மூன்றாம் நாள் அம்மாவிடம் வந்து, "அக்கா, பாக்சிக் தாக் மாக்கான்" என்றான். மலாயில், பெரியவர் சாப்பிடவில்லை என்று.

அம்மாவும் நானும் ஓடினோம். ஓடினோம் என்றால் நிஜமாகவே ஓடினோம். வழியில் நம் வீட்டில் இருந்த அரிசி, முட்டை, ஒரு டின் மைலோ எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பலகை மேல் சீனி டப்பா, கோப்பித்தூள் கொஞ்சம், பிஸ்கட் டின். டின்னைப் பிறகு அம்மா ஆட்டிப் பார்த்தார், தூள் சத்தம் கேட்டது. வாசலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே அந்த வேட்டி.

பையை நீட்டினேன். அவர் பையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நான் கேக்கலியே தம்பி."

மறுபடி அதே தப்பு. கையில் பையோடு நின்றேன். அம்மா ஏதேதோ சொன்னார், தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். இருமலுக்கு நடுவே திட்டினார். "பையைத் தூக்கிக்கிட்டுப் போனா யாருக்குடா பிடிக்கும்? அவரு பால் வெட்டுனவருடா. கத்தி தீட்டுறவரு. ஒங்கூட்டு அருவாமணையை எடுத்துட்டுப் போயி அரம் இருக்கான்னு கேளு. சோறு பொறவு போவட்டும்."

எங்கள் அரிவாள்மணை உண்மையிலேயே மொக்கையாகத்தான் இருந்தது. தாத்தா வாங்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய கட்டு ஒன்று வந்தது. அரம், இரண்டு விதச் சாணைக்கல், தேங்காயெண்ணெய்ப் புட்டி. பால் வெட்டும் கத்திக்கு மரத்தின் காயத்தைப் பொறுத்துக் கூர் வைப்பார்கள். ஆழமாகப் போனால் மரம் கெடும், மேலாகப் போனால் பால் வராது. அந்தப் பழக்கத்தோடு அரிவாள்மணையைத் தீட்டினார். அரைமணி நேரம். கை நடுங்கியது, கல் நடுங்கவில்லை. அம்மா அதற்குள் வீட்டுக்குப் போய் முட்டைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து, "தீட்டுக் கூலி எவ்வளவுங்க அப்பா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. தட்டை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் ஆறு வீட்டுக் கத்திகள் அங்கே போயின. சொந்தக்காரர் மூலம் மகளுக்கும் தகவல் சொன்னோம். அவருக்கும் சம்பளம் நின்றிருந்தது, அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவும் மகளிடம் சொல்லவில்லை.

அந்த வேட்டி கொடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வழக்கமாகத் துணி காயப்போடுவது பின்பக்கக் கொடியில், அங்கேதான் வெயில். அன்று கிடந்தது வாசலில். கிளிப் போடவில்லை, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டிருந்தார். இரவில் எடுக்கவுமில்லை. ஒரு வருடம் கழித்து, தைரியம் வந்து, கேட்டேன். "காயப் போட்டேன்" என்றார். அக்கா அதை நம்புகிறார். அம்மா நம்பவில்லை.

கல்யாணங்கள் திரும்பிவிட்டன, ஐந்தாம் வீட்டு அண்ணனை வீட்டில் பிடிக்க முடிவதில்லை. கொங்சிப் பையன் பர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். பாட்டி 2022இல் தவறினார், கடைசிவரை சிவப்பு அட்டையோடு. மரவள்ளி மட்டும் பின்னால் தானாகத் தழைத்துக் கிடக்கிறது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மூன்றாம் வீட்டு அக்கா ஒரு கத்தியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்து, "தாத்தாகிட்ட குடுத்துட்டு வா, மொக்கையாப் போச்சு" என்றார். நடந்து போகும்போது விரலில் வைத்துப் பார்த்தேன். மொக்கையெல்லாம் இல்லை. தாத்தாவும் காகிதத்தைப் பிரித்து, கட்டைவிரலால் முனையை ஒருமுறை தடவிப் பார்த்தார். மூன்றாம் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கத்தியை மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.